முப்பதுக்குப் பதிமூன்று

1

அது வெள்ளிக்கிழமை என்றுதான் இதுவரை சொல்லிவந்திருக்கிறேன். எழுத உட்கார்ந்த பிறகு செவ்வாயாக இருக்குமோ என்று தோன்றுகிறது. முத்தம்மா அன்று தலைக்குக் குளித்து முடியை விரித்துப் போட்டிருந்தார். அதை வைத்து வெள்ளி என்று நானே முடிவுகட்டியிருக்கலாம். இந்தக் கதையில் இன்னும் எத்தனை இடங்களில் அப்படி முடிவுகட்டியிருக்கிறேன் என்று தெரியவில்லை.

நடந்தது 2002இல். அதற்குப் பிறகு புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு வகுப்பெடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். நாற்பது தடவையாவது இருக்கும். எங்கே சிரித்தார்களோ அங்கே அடுத்த தடவை கொஞ்சம் நீட்டினேன். எங்கே நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்களோ அங்கே வெட்டினேன். போன மாதம் வகுப்பு முடிந்ததும் ரக்ஷிதா என்கிற பெண் வந்து நின்றாள்.

"மேடம், போன பேட்ச்ல அந்த மகன் அழுதாருன்னு சொன்னீங்களாமே. எங்களுக்கு ஏன் அழல?"

நான் பொதுவாகவே உடனே பதில் சொல்கிறவள் அல்ல. அந்த மகன், உமேஷ், அழுதானா, இல்லையா? வீட்டுக்கு வந்து இதை எழுதத் தொடங்கினேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

பெங்களூர் ஆஸ்டின் டவுனின் வரிசை வீடுகளில் ஒன்றில் எழுபத்து நான்கு வயது முத்தம்மா தனியாக

(நிறுத்திவிட்டேன். வயதையும் தனிமையையும் முதல் வரியில் வைத்தால் நீங்கள் பரிதாபப்படத் தயாராகிவிடுவீர்கள். முத்தம்மாவுக்கு அது பிடிக்காது.)

2002 கோடையில் நான் ஒரு தவறு செய்தேன். அந்தத் தவறுதான் என்னை

(இதுவும் வேண்டாம். தவறை முதல் வரியில் சொல்கிறவள் இரண்டாம் வரியில் மன்னிப்பை எதிர்பார்க்கிறாள்.)

பால் கருகியது.

(இது இருக்கட்டும்.)

பால் கருகியது. மார்ச் மாதம். முத்தம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனார். பாத்திரத்தின் அடி கறுத்து, வீடு முழுக்கப் புகை. பக்கத்து வீட்டு மரகதம் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். அன்று மாலையே டல்லாஸில் இருக்கும் உமேஷுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டாள். உமேஷ் முத்தம்மாவின் ஒரே மகன். அவன் எங்கள் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினான்: அம்மாவின் ஞாபகத்தைச் சோதித்து அறிக்கை தாருங்கள்.

அந்த அறிக்கையை எழுதியது நான்.

3

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அட்டையில் 'கேர் மேனேஜர்' என்று போட்டிருந்தது. தமிழில் இதற்கு ஒரு சொல் தேடிப் பல வருடங்களாகத் தோற்றிருக்கிறேன். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, இங்கே இருக்கும் பெரியவர்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது, டாக்டரிடம் கூட்டிப் போவது, சமையலுக்கோ துணைக்கோ ஆள் ஏற்பாடு செய்வது, பார்த்ததைப் பிள்ளைகளுக்கு எழுதி அனுப்புவது. 1998இல் மௌரீன் என்கிற ஓய்வுபெற்ற நர்ஸ் தன் வீட்டு முன்னறையில் இதைத் தொடங்கினார். அதுவரை ஒரு நூலகத்தில் அட்டை எழுதிக்கொண்டிருந்த நான் அவருடைய இரண்டாவது ஆள்.

இந்த வேலை எனக்கு நன்றாக வரும். அடக்கத்துக்காக இதை மறைக்கப் போவதில்லை. செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, கால் நகம் வெட்டியிருக்கிறதா, மாத்திரை அட்டையில் எத்தனை குழி காலி, போன வாரம் ஃப்ரிட்ஜில் இருந்த கிண்ணம் அதே இடத்தில் அப்படியே இருக்கிறதா. உள்ளே நுழைந்து உட்காருவதற்குள் இவ்வளவையும் பார்த்துவிடுவேன். உட்கார்ந்த பிறகு பத்து நிமிடம் எதுவும் கேட்கமாட்டேன். சும்மா இருப்பேன். யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் தனியாக இருப்பவர்கள் தாங்களே பேசத் தொடங்குவார்கள். முதலில் தண்ணீர், வெயில், பக்கத்து வீடு. அப்புறம் மூட்டு. கடைசியில், நான் எழுந்துகொள்ளப் போகும்போது, உண்மையான விஷயம்.

(வகுப்பில் இந்த இடத்தில் ஒரு சின்னக் கைதட்டல் வரும். அதற்காகவே கொஞ்சம் நிறுத்துவேன். இங்கே நிறுத்தவில்லை.)

முத்தம்மாவின் ஞாபகத்தைச் சோதிக்கப் போன அன்றைக்கு மட்டும் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்கவில்லை. கையில் ஒரு தாள் இருந்தது.

4

அந்தத் தாள் எங்கோ வெளிநாட்டில் தயாரானது. யாரோ தமிழில் பெயர்த்திருந்தார்கள். முப்பது மதிப்பெண். கேள்வியைக் கேட்க வேண்டும், பதிலைக் குறிக்க வேண்டும், முகத்தில் எதையும் காட்டக்கூடாது.

"இன்னிக்கி என்ன தேதிம்மா?"

"தேதியெல்லாம் எனக்கு எதுக்கு? பௌர்ணமிக்கு இன்னும் நாலு நாள் கீது."

பூஜ்யம்.

"இப்ப என்ன பருவம்?"

"மாம்பழம் வந்துடுச்சு. ருசி வரல. ஒரு மழ பேஞ்சாத்தான் வரும்."

பூஜ்யம்.

"நூறுல ஏழு போனா எவ்ளோ?"

"எதுல நூறு?"

"சும்மா நூறும்மா."

"சும்மா நூறு எந்த ஊர்ல குடுக்கறான்? எனக்கும் சொல்லு."

பூஜ்யம்.

"ஒரு வாக்கியம் எழுதுங்க."

"நீதான் வந்ததுலேர்ந்து எழுதிக்கினே கீற. அதுலயே சேத்து எழுதிக்கோ."

மரம், சாவி, வண்டி என்று மூன்று சொற்களைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டேன். மூன்றையும் சொன்னார். "சாவி யார்துன்னு சொல்லவே இல்லியே நீ" என்றும் கேட்டார். அதற்கு மூன்று மதிப்பெண். வீடு எங்கே, ஊர் எது, கையால் செய்யும் வேலைகள் எல்லாம் சரி. மொத்தம் பதிமூன்று.

(இங்கே ஒரு குறிப்பு. முத்தம்மாவின் குடும்பம் பௌத்தர்கள். கன்டோன்மென்ட் பக்கத்தில் மூன்று தலைமுறையாகப் பௌத்தர்கள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அந்த வரிசைப் பெண்கள் வெள்ளைச் சேலை கட்டி விகாரைக்கு நடந்து போவார்கள். முத்தம்மா காலத்தை அப்படித்தான் எண்ணினார். நான்கு வருடமாக அந்த வீட்டுக்குப் போய்வந்த எனக்கு இது தெரியும். தாளில் அதற்கு இடமில்லை. நான் படிக்கிறவள். அச்சில் இருப்பதை நம்பி வளர்ந்தவள். என்னைப் போன்றவள் செய்யக்கூடிய தவறு இது. மரகதம் செய்திருக்கமாட்டாள்.)

அறிக்கையில் எழுதினேன்: ஞாபகத்திலும் காலம் பற்றிய உணர்விலும் கணிசமான குறைவு. தனியாக இருப்பது பாதுகாப்பானதல்ல. கீழே கையெழுத்து: வனஜா.

5

மே மாதம் உமேஷ் வந்தான். நகருக்கு வெளியே, அத்திபெலே தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பதிவாகியிருந்தது. நல்ல இல்லம், நானே போய்ப் பார்த்தது. இருபதாம் தேதி அம்மாவை அங்கே விட்டுவிட்டு, வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, அவன் திரும்ப வேண்டும். புத்த பௌர்ணமிக்கு அப்போது ஆறு நாள் மீதி இருக்கும். அதற்குள் வரிசைப் பெண்களிடமிருந்து முத்தம்மா முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பார்.

உமேஷை வில்லனாக்கி ஒரு வரைவு எழுதினேன். கிழித்துவிட்டேன். அவன் சொன்ன ஒன்று நினைவிருக்கிறது: "ஆஃபீஸ்ல ஃபோன் அடிச்சாலே அம்மாவுக்கு ஏதோன்னு தோணுது மேடம். இந்தியா நம்பர்னா எடுக்கறதுக்கு முன்னாடியே உட்கார்ந்துடறேன்."

இல்லத்துக்கான படிவங்களை நிரப்ப நான் போன நாள்தான் அந்த வெள்ளி, அல்லது செவ்வாய். பின்னறையில் உமேஷ் பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். முன்னறையில், புத்தர் படத்துக்குக் கீழே பாயில், முத்தம்மா முடியைக் காயவிட்டபடி உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்தேன். சும்மா இருந்தேன்.

வகுப்பில் நான் சொல்வது இது: அந்த மௌனத்தில் என் பார்வை சுவரில் இருந்த நாள்காட்டியின் மேல் விழுந்தது. பௌர்ணமி வட்டத்தைப் பார்த்தேன். நாட்களை எண்ணினேன். சோதனை நடந்த நாளிலிருந்து சரியாக நான்காவது நாள். என் தவறு எனக்குத் தெரிந்துவிட்டது.

அழகான இடம். அப்படி நடக்கவில்லை. நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

6

நடந்தது இது.

"எத்தினி மார்க்கு போட்ட எனக்கு?" என்று முத்தம்மா கேட்டார்.

"பதிமூணும்மா."

"எத்தினிக்கு?"

"முப்பதுக்கு."

"அப்ப ஃபெயிலு." கொஞ்ச நேரம் முடியைச் சிக்கெடுத்தார். "என்னப் பத்தி இன்னா எழுதனன்னு படி. எல்லாரும் படிச்சாச்சு. எம் புள்ள படிச்சான், அத்திபெலேகாரங்க படிச்சாங்க. நான்தான் படிக்கல."

நான்கு வருடத்தில் ஏறக்குறைய இருநூறு அறிக்கை அனுப்பியிருப்பேன். எல்லாம் இங்கிலீஷில். யாரைப் பற்றி எழுதினேனோ அவர் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. பையிலிருந்து நகலை எடுத்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.

"இன்றைய தேதி தெரியவில்லை."

"தெரியலன்னு யாரு சொன்னது? நாலு நாள்னு சொன்னேன். நாலாம் நாள் போனனா இல்லியா? மரகதத்தக் கேளு, அவதான் கூட வந்தா. செருப்பு அறுந்து பாதி வழி வெறுங்கால்ல வந்தா."

"பருவம் சொல்ல முடியவில்லை."

"மாம்பழம் இன்னா பொங்கலுக்கா வரும்?"

"எளிய கணக்குப் போட முடியவில்லை."

"முப்பத்தோரு வருசம் பிரசவ வார்டுல ஆயா நானு. எந்தப் புள்ள எந்தத் தாயிதுன்னு ஒரு நாள் மாத்திக் குடுத்துக்கீறனா?"

"எழுத முடியவில்லை."

"அது நெசம்." சிரித்தார். "ஆனா அது எழுபது வருசமா மறந்துபோயிக்கீது. இந்த வருசத்துக் கணக்குல சேக்காத."

நானும் சிரித்தேன். தாளின் விதியை அப்போதுதான் முதல்முறை மீறினேன். பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டு வந்தேன். கடைசிப் பத்தி: "மார்ச் மாதம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்திருக்கிறார்." அதையும் அடிக்கப் போனேன். அந்த வேகத்தில் எல்லாமே தவறாகத் தெரிந்தது.

முத்தம்மா என் கையைப் பிடித்தார்.

"பால அடிக்காத. அது நெசம்."

"ஒரு தடவதானேம்மா."

"வெச்சேன். மறந்துட்டேன். மரகதம் வந்து கத்தறா, நான் இது யாரு வெச்ச பாலுன்னு நிக்கறேன். வெச்சதே நெனப்பு வரல. இன்னி வரைக்கும் வரல." கையை விட்டார். "அது பயமா கீது எனக்கு. அத வுட்டுட்டு எழுதினா மிச்சத்த எவன் நம்புவான்?"

பின்னறையில் அட்டைப் பெட்டிச் சத்தம் நின்றிருந்தது. உமேஷ் நிலைப்படியில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது.

(வகுப்பில் இங்கே முத்தம்மா மகனைக் கேள்வி கேட்பார். தண்ணீர் எந்தெந்த நாள் வரும், அடுத்த பௌர்ணமி எப்போது என்று. அவன் ஒன்றுக்கும் பதில் தெரியாமல் விழிப்பான். வகுப்பே சிரிக்கும். இது நான் சேர்த்தது. நாலாவது பேட்சில் என்று நினைக்கிறேன். இப்போது எடுத்துவிடுகிறேன்.)

"மேடம், இதுல சைன் பண்ணது நீங்கதானே?"

"ஆமா."

"இப்ப தப்புங்கறீங்க."

"பால் தவிர."

"எனக்கு இன்னும் எட்டு நாள்தான் லீவு."

அடித்த தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"ஏதாச்சும் பேசுங்க மேடம்."

"நாளன்னிக்கு வேற எழுதிக் கொண்டாரேன். முதல்ல அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுவேன். அவங்க சரின்னா உங்ககிட்ட குடுப்பேன்."

7

மௌரீன் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மேசையில் இருந்த பேனாக்களை நீளவாக்கில் வரிசைப்படுத்தினார். அவருக்கு ஆணும் பெண்ணும் 'மேன்'தான்.

"அனுப்பிச்ச ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கற ஏஜென்சிய எவன் மேன் நம்புவான்?"

"நம்பமாட்டாங்க."

"தெரிஞ்சும் வந்து நிக்கற."

நின்றேன்.

"வாயத் தொற மேன் வனஜா. உன் சைலன்ஸுக்கு நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லி பேஜாராயிடுச்சு."

"இதே தாள வெச்சு இன்னும் பத்துப் பேரப் பாத்திருக்கேன்."

மௌரீன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முப்பது வருடம் வார்டில் இருந்தவர். கெட்ட செய்தியின் அளவு அவருக்குச் சட்டென்று புரியும்.

"பத்துப் பேரா."

"பத்துப் பேர்."

"அப்ப இங்க நின்னு என்னா பண்ற? முத்தம்மாவ முடிச்சிட்டுப் பத்துப் பேரையும் போய்ப் பாரு. கீழ என் பேரையும் போடு. திட்டு வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும்."

(பத்தில் நான்கு மாறியது. மூன்று பேர் தாள் சொன்னதைவிட நன்றாக இருந்தார்கள். நான்காமவர் ஓஸ்வால்ட், ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தா. முப்பதுக்கு இருபத்தொன்பது வாங்கியவர். காலையில் செய்தித்தாளைப் பார்த்துத் தேதியை மனப்பாடம் செய்துவைத்திருந்தார். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது, சொந்த வீட்டில் குளியலறைக் கதவு எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. இதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. கதை கெட்டுவிடும் என்று.)

8

இரண்டாம் அறிக்கையை முத்தம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினார். கீழே கையெழுத்துப் போட்டார், கன்னட எழுத்தில். அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் வருகைப் பதிவேட்டுக்காகப் பழகியது. அவருக்குத் தெரிந்த எழுத்து அவ்வளவுதான்.

உமேஷ் நின்றபடியே படித்தான்.

"பால எடுக்கலையா?"

"அம்மா எடுக்க விடல."

"அடுத்து எப்ப கருகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அத எழுதிருக்கீங்களா?"

"கடைசி வரி."

கடைசி வரியைப் பார்த்தான். அதில் இருந்தது: இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, வாரம் மூன்று முறை வருகிறேன், தெரிந்த அன்றே முத்தம்மாவிடமும் உங்களிடமும் சொல்வேன்.

இப்போது ரக்ஷிதாவின் கேள்விக்கு வருகிறேன். அவன் அழுதானா? சில வகுப்புகளில் அழுதான். சில வகுப்புகளில் அம்மாவின் காலைத் தொட்டான். ஒரு வகுப்பில், எனக்கே வெட்கமாக இருக்கிறது, என் கையைப் பிடித்து நன்றி சொன்னான்.

என் நினைவில் மிச்சமிருப்பது: "ஆறு மாசம் பாக்கலாம்" என்றான். முத்தம்மா உள்ளிருந்து, "மொதல்ல அந்தப் பொட்டிலேர்ந்து குண்டான எடு. சோத்துக்கு வெக்கணும்" என்றார். அவன் பெட்டியின் பக்கம் திரும்பினான். குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை.

9

இங்கே முடித்தால் எல்லாருக்கும் நல்லது. வகுப்பில் இங்கேதான் முடிப்பேன். ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல.

2004 டிசம்பரில் முத்தம்மா துணி துவைக்கும் இடத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு விகாரைக்கு ஆட்டோவில்தான் போனார். அதுவும் சில பௌர்ணமிகளுக்குத்தான். அவர் இறந்தது அதற்கும் இரண்டு வருடம் கழித்து; அடக்கத்தின் அன்று உமேஷ் என்னிடம் கேட்டான்: "அந்த வருஷமே அத்திபெலேக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா விழுந்திருக்கமாட்டாங்க இல்ல?" கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

ஒரு முடிவு: ஆமாம், விழுந்திருக்கமாட்டார். அங்கே வழுக்காத தரை, சுவரெல்லாம் பிடிமானக் கம்பி.

இன்னொரு முடிவு: அங்கே அவர் துவைத்திருக்கவே மாட்டார். விழாமல் உட்கார்ந்திருப்பார்.

இரண்டில் எது என்று நான் எழுதப் போவதில்லை. உமேஷுக்கும் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். நீங்களே முடிவுசெய்யுங்கள், முடிவுசெய்யும்போது அவரிடமும் கேளுங்கள். அந்த இரண்டாம் அறிக்கையைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, பெருமைதான். முதல் அறிக்கையைத் தவறு என்று சொன்னது அதைவிடப் பெருமை. இரண்டையும் மறைக்கமாட்டேன்.

மற்றபடி, எல்லாரும் என்ன ஆனார்கள் என்றால்:

முத்தம்மா ஆஸ்டின் டவுன் வீட்டில் மேலும் மூன்று வருடம் இரண்டு மாதம் இருந்தார். 2005 மழைக்காலத்தில் மறதி நிஜமாகவே வந்தது. அதையும் அவரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "செரி, போலாம்" என்றார். அத்திபெலே இல்லத்தில் ஒன்றரை வருடம் இருந்து, 2007 ஜனவரியில் இறந்தார். உமேஷ் 2006இல் பெங்களூருக்கே திரும்பிவிட்டான்; இப்போது ஈஜிபுரா பக்கம் இருக்கிறான். மரகதம் அதே வரிசையில் அதே வீட்டில் இருக்கிறாள். ஓஸ்வால்ட் மகள் வீட்டுக்குப் போனார், அங்கே இறந்தார். மௌரீன் போன வருடம் நிறுவனத்தை வேறொருவரிடம் ஒப்படைத்தார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரை வாரம் ஒருமுறை நான் போய்ப் பார்க்கிறேன், எழுதியதைப் படித்துக் காட்டுகிறேன், பாதியை அடிக்கச் சொல்கிறார். எங்கள் நிறுவனத்தில் சம்பந்தப்பட்டவருக்குப் படித்துக் காட்டாமல் எந்த அறிக்கையும் இப்போது வெளியே போவதில்லை. ரக்ஷிதா தேர்ச்சி பெற்றாள். திங்கள் முதல் அவளுக்கு ஏழு வீடுகள்.